தரை காயும் வரை

பதினோராம் கட்டிலுக்குக் கீழே கிருஷாந்தி மூன்றாம் தரமாக மொப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு தூசி துரும்பு கிடையாது. ஆனால் டொக்டர்மார் சுற்றிப் பார்க்க வரும் நேரத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரையும் வார்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். மொப் பிடித்துக்கொண்டு நிற்பவளை மட்டும் யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். கட்டிலில் கிடப்பது சொந்த மாமியாராக இருக்கும்போது இந்த வசதியை விட்டுவிட அவளுக்கென்ன பைத்தியமா?

"அந்தக் கால் பக்கம் விட்டுட்டியே. அழுத்தித் தொடடி. சம்பளம் சும்மாவா குடுக்குறான்?" மாரியாயி முகத்தில் மாட்டியிருந்த ஒட்சிசன் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மூடிய மாட்டுங்க மாமி. கழட்டினா நர்சு மிஸ் ஏசுவாங்க."

"ஏசட்டும். நா பாக்காத ஏச்சா? டிக்கட் எப்ப வெட்டுவாங்கன்னு கேட்டியா, இல்லியா?"

டிக்கட் வெட்டினால் வீட்டுக்குப் போகலாம். வந்த நாளிலிருந்து கிழவிக்கு இதே கேள்விதான். நுரையீரலில் நீர் கோத்து, உதடு நீலம் பாய்ந்து, கொழுந்து லொறியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவரப்பட்ட பொம்பிளை, வீடு போன மறுநாளே மலைக்கு ஏற வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். துடிக்கக் காரணம் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குடியிருந்தால் வீட்டுக்கு ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து மலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு, காம்பராவைக் காலி பண்ணு என்று ஆள் வரும். அந்த வீட்டில் இருந்த ஒரே பேர் மாரியாயியுடையது. மகன் ஜெயகாந்தன் கொழும்பில் ஓர் இரும்புக்கடையில் நிற்கிறான். மாதத்துக்கு ஒரு தரம் முகத்தைக் காட்டுவதே பெரும்பாடு. மருமகள் கிருஷாந்தி டவுன் ஆஸ்பத்திரியில் ஆள் அனுப்பும் கொந்தரப்புக் கம்பனி ஒன்றின் துப்புரவுக்காரி.

"நா மலைக்குப் போறேன். நீ ஒன் ஆஸ்பத்திரியக் கழுவு. ரெண்டு பேருக்கும் ஒரு கூர." கிருஷாந்தி இந்த வேலையில் சேர்ந்த அன்று கிழவி சொன்னது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பாட்டம் ஏசித் தீர்த்திருந்தாள். ஊரான் வீட்டு ரத்தமும் சலமும் அள்ளுற வேலையா ஒனக்குக் கெடச்சது, அந்தக் கையோட அடுப்பத் தொடுவியா, சாமிப் படத்தத் தொடுவியா என்று லயமே கேட்கும்படி கத்தினாள். அன்றையிலிருந்து கிருஷாந்தி ஆஸ்பத்திரியால் வந்தால் பின்பக்கம் நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். சட்டம் போட்டவள் கிழவி. அந்தக் குளிருக்கு அண்டா நிறையத் தண்ணீரைக் காய்ச்சி வைத்துவிட்டு, "தண்ணி காயுது, தீட்டுக்காரி இன்னும் வரலியே" என்று வாசல் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு பாதையைப் பார்த்தவளும் அவளேதான்.

கிருஷாந்தியும் பள்ளிக்கூடம் விட்ட கையோடு கொழுந்துக்குப் போனவள்தான். அவளுடைய அம்மா செத்த மாதமே அவள் பேரைப் பதிந்துவிட்டார்கள். அட்டைக்கடிக்கு அவள் பயப்படவில்லை, மழைக்கும் பயப்படவில்லை. அரைக் கூடைக் கொழுந்தை நிறுத்துவிட்டுத் தண்ணிக் கழிவு என்று சொல்லி அதிலும் குறைப்பார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் கூரை இருந்தது. கழுவிய தரையை யாரும் தராசில் வைக்கவில்லை. கக்கூஸ் நாறினால் திட்டு விழும், மினுங்கினால் "கிருஷாந்தியோட டியூட்டியா?" என்று கேட்பார்கள். அது அவளுக்குப் போதுமாக இருந்தது. மகள் பிரேமினி கொட்டகலையில் படிக்கிறாள், படிப்பு ஏறுகிற பிள்ளை. தனக்கு வந்தது அவளுக்கு வரக் கூடாது என்ற ஒன்றைத்தான் கிருஷாந்தி கோயில் வாசலில் நின்று கேட்பாள், வேறெதையும் கேட்டதில்லை.

"மலையில பேரு விழாம எத்தன நாளாச்சி?" மாரியாயி மறுபடி மூடியைத் தூக்கினாள். "பேரு போடுற கண்டாக்கு ஏதாச்சும் சொன்னானா?"

"ஒண்ணுஞ் சொல்லல மாமி. நீங்க மொதல்ல எந்திரிச்சி ஒக்காருங்க. மலை எங்கயும் ஓடிப் போகாது."

"மலை ஓடாது. காம்பரா ஓடிரும்." கிழவி மூச்சு வாங்கினாள். பிறகு எட்டி மொப்பின் கம்பைப் பிடித்துக்கொண்டாள். பிடியில் பலமில்லை. "நா செத்தா நீ மாட்டிக்குவடி. அதுக்காகத்தான் சாகாமக் கெடக்குறேன். இல்லாட்டி எனக்கென்ன, இந்தக் கஞ்சியக் குடிச்சிக்கிட்டுக் கெடக்கணும்னு ஆசையா?"

"நல்ல வாய் ஒங்களுக்கு. பேசாமப் படுங்க."

டொக்டர்மார் ஐந்தாம் கட்டிலுக்கு வந்துவிட்டார்கள். சுப்பர்வைசர் சோலைமலை வாசலில் நின்று கையைக் காட்டினான். கக்கூஸ் பக்கம் அடைத்துக்கொண்டதாம். கிருஷாந்தி மொப்பைக் கிழவியின் கையிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டு போனாள். போகிறபோது மூடியைச் சரியாக மாட்டிவிட்டுப் போனாள். அந்த மட்டுக்கும் நல்லது.

அடைப்பை எடுத்து, கழுவி, பூட்ஸோடு அவள் திரும்பி வந்தபோது பதினோராம் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்திருந்தது. அந்தத் திரைக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை திரையை அவளே இழுத்திருக்கிறாள். வாளி தானாகக் கையிலிருந்து இறங்கியது. "மாமி" என்றாள், ஏதோ வீட்டில் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுகிறவள் மாதிரி. திரைக்குப் பின்னாலிருந்து தாதி தலையை நீட்டி, சிங்களத்தில், மெதுவாக, இப்போதுதான் என்றாள். கொஞ்ச நேரம் முயன்று பார்த்தோம், முடியவில்லை என்றாள். அவள் நல்ல பிள்ளை. கிருஷாந்தியின் தோளில் கை வைத்துவிட்டு, கையுறை போட்டிருப்பது ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டாள்.

கிருஷாந்தி சோலைமலையிடம் போனாள். "அண்ணே, எங்க மாமி தவறிட்டாங்க. நா போகணும்."

"ஐயோ, தங்கச்சி." அவன் உண்மையாகவே கலங்கினான். "போகத்தான் வேணும். ஆனா வார்டப் பாரங்குடுக்க ஆளில்லையே. ரெண்டு பேரு இன்னைக்கி வரல. வார்ட விட்டுட்டுப் போனா கம்பனி ஒன்னையும் வெட்டும், என்னையும் வெட்டும். பின்னேர ஆளு வந்த ஒடனே போயிரு. நா ஒன்னும் சொல்ல மாட்டேன்."

பெட்டியில் அடைபட்ட எலி மாதிரி அவள் வார்டின் நடுவில் நின்றாள். ஜெயகாந்தனுக்குப் போன் எடுத்தாள். அவன் அழுதான், பஸ் ஏறுகிறேன் என்றான். நாத்தனார் நிஷாந்திக்கு எடுத்தாள். வட்டகொடையில் அவள் போட்ட கூச்சல் போனை விலக்கிப் பிடித்தும் கேட்டது. மாரியாயியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். வண்டியின் சில்லு ஒன்று கீச்சிட்டுக்கொண்டே போனது. அதற்கப்புறம் கட்டில் வெறுமையாக இருந்தது. வெறுங் கட்டில் இருந்தால் கழுவ வேண்டும், அதுதான் அவளுடைய வேலை.

வாசல் வாங்கில் நோர்வூட் பக்கத்துப் பொம்பிளை ஒருத்தி காலையிலிருந்து காத்திருந்தாள். மடியில் உடுப்புப் பை, காய்ச்சலில் பல் தந்தியடித்தது. கட்டில் இல்லாமல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கிருஷாந்தி படுக்கை விரிப்பைச் சுருட்டினாள், தலையணை உறையை உருவினாள், மெத்தையைக் குளோரின் தண்ணீரால் துடைத்தாள், புரட்டிப் போட்டு மறுபக்கமும் துடைத்தாள், கட்டில் ஓரத்தில் கிழவி கை படப் பிடித்திருந்த கம்பியையும் துடைத்தாள். அவளுடைய கை அவளைக் கேட்காமல் வேலை செய்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"வேலுணாத, கிருஷாந்தி?" தாதி கேட்டாள். காய்ந்துவிட்டதா என்று. காய்ந்தால்தான் அடுத்த ஆளைப் படுக்க வைக்கலாம்.

காயவில்லை. உள்ளங்கையை வைத்தால் இன்னும் ஜில்லென்று இருந்தது. வாங்கில் இருந்தவள் இவளுடைய வாயையே பார்த்தாள்.

"காஞ்சிருச்சி மிஸ்," என்றாள் கிருஷாந்தி.

அந்தப் பொம்பிளை மாரியாயியின் கட்டிலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னேர ஆள் வந்து, கிருஷாந்தி பஸ் பிடித்து, மழையில் ஏற்றம் ஏறி வீட்டுக்கு வந்தபோது லயத்து ஆட்கள் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பழக்கத்தில் பின்பக்கம் போனாள். அண்டா கவிழ்ந்து கிடந்தது. அடுப்பு அணைந்து சாம்பல் பூத்துப் போயிருந்தது. பீலியில் விழும் மலைத் தண்ணீரைப் பிடித்து அப்படியே தலையில் ஊற்றினாள். குளிர் எலும்புக்குள் இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நாலு வாளி தண்ணீரும் அழுகையுமாக ஊற்றித் தீர்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் மலர்ச்சாலை வண்டி மாரியாயியைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியது. அடுப்புச் சுவரோரம், கிழவி எப்போதும் பாய் போட்டுப் படுக்கிற இடத்திலேயே, இரண்டு முக்காலியில் பெட்டியை வைத்தார்கள். அந்தக் காம்பராவில் பெட்டியை வைத்துச் சுற்றி ஆள் நிற்க வேறு இடமும் கிடையாது. வெளியே தப்பு அடித்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நிஷாந்தி பெட்டியின்மேல் விழுந்து புரண்டாள். ஜெயகாந்தன் சவரம் பண்ணாத முகத்தோடு வாசலில் நின்று வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வந்த சனத்தின் காலெல்லாம் சேறு. அந்தச் சேறு வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் தடம் தடமாகப் பதிந்தது. யாரோ தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட, அது பெட்டியின் கீழே போய்த் தேங்கியது. கிருஷாந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது. விளக்குமாற்றை எடுத்து, பெட்டிக்குக் கீழே குனிந்து, தேத்தண்ணியையும் சேற்றையும் வாசல் பக்கமாகக் கூட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதித் தூரம் வந்த பிறகுதான் ஒப்பாரி நின்றுபோனது அவளுக்கு உறைத்தது.

"அடிப்பாவி!" நிஷாந்தி எழுந்து நின்றாள். "பொணத்த நடுவூட்டுல வச்சிக்கிட்டு எவளாவது கூட்டுவாளா? எங்கம்மாவக் கூட்டித் தள்ளுறியா? அவ்வளவு அவசரமா எடம் காலியாகணும்?"

"இல்ல நிஷாந்தி... சேறு..."

"சேறா? இது ஒன் ஆஸ்பத்திரியா? செத்தா தொடச்சி வுட்டுட்டு அடுத்த ஆளப் படுக்கப்போட?"

கிருஷாந்தியின் கையிலிருந்து யாரோ விளக்குமாற்றை வாங்கிக் கொண்டுபோனார்கள். பிரேதம் படியிறங்கும் வரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது, கழுவக் கூடாது. இது அவளுக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு பொம்பிளை "வுடு, பழக்க தோசம்" என்றாள். இன்னொருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கிழவி இருந்திருந்தால் எல்லோருக்கும் மேலாகக் கத்தியிருப்பாள். கத்திவிட்டு, போகட்டும், மருமக நல்ல வேலக்காரி என்றும் சொல்லியிருப்பாள். கிருஷாந்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். யார் எதைச் சொன்னாலும், மாரியாயி சாகக் கூடாது என்று அந்த வீட்டில் தன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாருமில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதில் பாதி பாசம், பாதி பயம். அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

நீர்மாலைக்குப் போகிற நேரத்தில், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு வந்தார். குடையை மடக்கி வெளியே வைத்துவிட்டு, பெட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். "நல்ல மனுசி. வாய்தான் நீளம். கை அதவிட வேகம்," என்றார். பிறகு ஜெயகாந்தனைப் பந்தல் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் கிருஷாந்தி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டது.

"இதப் பேசுற நேரமில்ல, தெரியும் தம்பி. ஆனா தொரை காலையிலயே கேட்டுட்டாரு. கீழ்ப் பிரிவுல ஒரு குடும்பம் காம்பரா இல்லாம நிக்கிது, மூணு பேரு மலைக்கு வர்றாங்க. ஒங்க வீட்டுல இருந்து ஒரு பேரு இருந்தா நா பேசிக்குவேன். இல்லாட்டி என் கையில ஒன்னுமில்ல."

"இருக்கு ஐயா. என் சம்சாரம் வரும்."

"ஆஸ்பத்திரியில வேல செய்யிதே அந்தப் புள்ள?"

"அத வுட்டுரும். பேரப் போட்டுக்குங்க ஐயா."

கண்டாக்கு போன பிறகு கிருஷாந்தி அவனைப் பின்பக்கம் கூப்பிட்டாள். கவிழ்ந்து கிடந்த அண்டாவின் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டா வேற என்னா சொல்லுவ?"

"நீங்க கடைய வுட்டுட்டு வாங்களேன். ஒங்கம்மா பேருதானே."

"நா வந்து தேயிலையக் கவ்வாத்து வெட்டினா பிரேமினிக்கு யாரு படிப்புக்குக் குடுப்பா? டவுன்ல வீடெடுக்க நம்மளால ஏலுமா? நீயே சொல்லு. எங்க போறது?"

அவன் கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் அவளும் நாலு கேட்டிருப்பாள். கண்ணெல்லாம் சிவந்து, தாயைப் பறிகொடுத்தவனாக நின்று, உள்ளதைக் கேட்டான். எங்கே போவது? அவள் நாலா பக்கமும் யோசித்துப் பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான் இருந்தது.

"மாமி இதுக்குத்தான் பயந்தாங்க," என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. "வா, நீர்மாலைக்கிக் கூப்புடுறாங்க," என்று போய்விட்டான்.

மத்தியானம் திரும்பியதும் தூக்கினார்கள். வாய்க்கரிசி போடும்போது கிருஷாந்தியின் விரல் கிழவியின் உதட்டில் பட்டது. நீலம் போயிருந்தது, மலர்ச்சாலைக்காரன் ஏதோ பூசியிருந்தான். பொம்பிளைகள் லயத்து முச்சந்தி வரைக்கும் போய், தப்புச் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கம் மறையும் வரை நின்று, திரும்பி வந்தார்கள். இனிமேல் வீட்டைக் கழுவலாம். கழுவியே ஆக வேண்டும்.

நிஷாந்தி வாளியைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தாள். குரல் தணிந்திருந்தது. "இப்பக் கழுவு அண்ணி. ஒன்ன மாதிரி யாருக்குக் கழுவ வரும்? நா தண்ணி தூக்கித் தர்றேன்."

அது சமாதானப் பேச்சு. கிருஷாந்தி தலையசைத்தாள். விளக்குமாற்றை எடுத்தாள். வாசலிலிருந்து ஆரம்பித்து, சேற்றுத் தடம் ஒவ்வொன்றாகத் தேய்த்து, மூலை முடுக்கெல்லாம் கழுவிக்கொண்டே அடுப்புச் சுவருக்கு வந்தாள். முக்காலிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் சேறு படவில்லை. பெட்டி இருந்த அளவுக்கு நீள் சதுரமாகத் தரை சுத்தமாக இருந்தது. அதற்கு முன்னால் வந்ததும் கை நின்றுவிட்டது. நேற்று ஈர மெத்தையில் ஏறிப் படுத்த பொம்பிளையின் முகம் ஞாபகம் வந்தது. கழுவிவிட்டால் காயும், காய்ந்தால் ஆள் வரும், இந்த இடத்துக்கு வரப்போகிற ஆள் யார் என்று காலையிலேயே கண்டாக்கிடம் சொல்லியாயிற்று.

"என்னா அண்ணி?"

"ஒன்னுமில்ல. தண்ணி ஊத்து."

கழுவினாள். வேறென்ன செய்வாள்?

புதைத்துவிட்டு ஆம்பிளைகள் பின்னேரம் திரும்பி, வாசலில் கால் கழுவிக்கொண்டு பந்தலில் உட்கார்ந்தார்கள். கங்காணி போகிற போக்கில் இஸ்தோப்பில் நின்று குரல் கொடுத்தார்: "அம்மா, காரியம் முடிஞ்ச மறுநா ஆபீசுக்கு வந்து பேரப் பதிஞ்சிரு. காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கு முந்தியே வந்துரு."

ஜெயகாந்தன் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"வர்றேன்," என்றாள் கிருஷாந்தி. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஆணியில், கொழுந்தெடுக்கும்போது கிழவி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு தொங்கியது, இடுப்புக் கயிற்றில் போட்ட முடிச்சோடு. பக்கத்துக் கொடியில் கிருஷாந்தியின் ஆஸ்பத்திரி வேலைக்கான நீல உடுப்பு. அவள் நீல உடுப்பை இறக்கி, நான்காக மடித்து, தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

பொழுது சாய்ந்தது. நிஷாந்தி குடும்பம் தங்குவதால் உள்பக்கம் நிறைந்துவிட்டது. பிரேமினி பள்ளிக்கூடப் புத்தகங்களை ஒரு கையிலும் சுருட்டிய பாயை மற்றக் கையிலும் தூக்கிக்கொண்டு அடுப்புச் சுவரோரம் வந்தாள். காலால் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, இங்க காஞ்சிருச்சி. அத்த உள்ள படுக்கட்டும். நா இங்கயே பாயப் போட்டுக்கிறேன்."

கிருஷாந்தி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். மற்ற இடமெல்லாம் ஈரமாகவே இருக்க, அடுப்புச் சூட்டுக்கு அந்த இடம் மட்டும் நன்றாகக் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. பிள்ளை பாயை உதறப் போனது.

"இரு."

பின்பக்கம் போய் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு போத்தல் தண்ணீரே போதும், வாளியோடு சாய்த்தாள். தண்ணீர் அந்த இடம் முழுக்கப் பரவி, பிரேமினியின் கால் விரல் வரைக்கும் வந்தது.

"ஐயோ அம்மா! காஞ்சிருந்திச்சே!"

"காயல," என்றாள் கிருஷாந்தி. "நீ வேற எடத்துல படு."